இழை: நேரில் போகாமல் இணையப் பயன்பாட்டை ஆய்வது — எந்த முறை எதற்கு உதவும்?

#1 மதியழகி

வணக்கம். பெரியவர்கள் 60 பேர் 14 நாள் இணையத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று, யாரையும் நேரில் சந்திக்காமல் ஆய்வு செய்யத் திட்டம் போடுகிறேன். தெரிய வேண்டியவை மூன்று: எந்த வகைத் தளத்துக்கும் செயலிக்கும் எவ்வளவு நேரம் போகிறது, நாளின் எந்தப் பொழுதில் போகிறது, எதற்காகத் திறக்கிறார்கள். எல்லோரிடமும் போன் உண்டு, பாதிப் பேரிடம் மடிக்கணினியும் உண்டு.

கடைசி நாளில் கேள்வித்தாள், உலாவி நீட்சி (குரோம் போன்ற உலாவியில் சேர்க்கும் சிறு நிரல்), நாட்குறிப்பு ஆகிய மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. ஒன்றே போதுமா? போதாதென்றால் எதை எதோடு சேர்ப்பது?

#2 பதிவேடு

ஒன்று போதாது. உங்கள் மூன்று கேள்விகளும் மூன்று வகைச் சான்று கேட்கின்றன.

"எவ்வளவு நேரம்" என்பதைக் கேள்வித்தாளில் கேட்கவே கேட்காதீர்கள். 2021இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்த தொகுப்பாய்வு ஒன்று, மக்கள் சொன்ன பயன்பாட்டு அளவையும் கருவி பதிந்த அளவையும் ஒப்பிட்டது. இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.38 அளவில்தான் நின்றது (1 என்றால் முழுப் பொருத்தம்). பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருளல்ல. 40 நொடி, 2 நிமிடம் என்று நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பயன்பாட்டை யாராலும் மனசுக்குள் கூட்டிப் பார்க்க முடியாது. கூடுதலாகச் சொல்கிறவர்களும் உண்டு, குறைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. அதனால் ஒரு திருத்தக் காரணியால் பெருக்கிச் சரிசெய்யவும் வழியில்லை.

கேள்வித்தாள் வேறிடத்தில் வேலை செய்யும். வீட்டில் என்னென்ன கருவி இருக்கிறது, எந்தக் கருவியை வேறு யார் தொடுகிறார்கள், எத்தனை உலாவி வைத்திருக்கிறார்கள், அலுவலகக் கணினி ஆய்வுக்கு வெளியே நிற்கிறதா — இவற்றை எந்த லாகும் (கருவி தானாக எழுதும் பதிவு) சொல்லாது. இவற்றைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். கடைசி நாள் வரை தள்ளினால், மடிக்கணினியில் பாதி நேரம் பிள்ளைகள்தான் இருந்தார்கள் என்ற சேதி தரவு முழுக்க வந்து சேர்ந்த பிறகு தெரியவரும்.

#3 இணைநோக்கி

நீட்சியைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் சத்தமில்லாமல் தவறுகள் நுழைகின்றன.

பக்கம் திறந்ததை மட்டும் பதிந்தால் வீண். டேப் திறந்திருப்பது வேறு, கண் அதில் இருப்பது வேறு. குறைந்தது ஐந்து நிகழ்வுகள் வேண்டும்: டேப் முன்னால் வந்தது, ஜன்னல் கவனம் பெற்றது அல்லது இழந்தது, புதிய பக்கம் ஏறியது, பக்கம் ஏறாமலே முகவரி மாறியது, பயனர் செயலற்றுப் போனது. நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீடியோ தளங்களிலும் சமூக ஊடகங்களிலும் ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது முழுப் பக்கமும் மறுபடி ஏறுவதில்லை. குரோமில் 'ஹிஸ்டரி ஸ்டேட் அப்டேட்டட்' நிகழ்வைக் கேட்காவிட்டால், 30 வீடியோ பார்த்தவர் ஒரே பக்கத்தில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்ததாகப் பதிவாகும்.

இப்போதைய குரோம் நீட்சிகளில், அதாவது மேனிஃபெஸ்ட் மூன்றாம் பதிப்பில், பின்னணி நிரல் நிரந்தரமாக ஓடாது. 30 நொடி வேலை இல்லையென்றால் உலாவி அதை நிறுத்திவிடும். மாறியில் வைத்த கணக்கெல்லாம் அதோடு போய்விடும். ஆகவே கூட்டிக் கழித்து வைத்துக்கொள்ளும் நிரல் எழுத வேண்டாம். ஒவ்வொரு நிகழ்வையும் நேரமுத்திரையோடு உடனே சேமிப்பில் எழுதுங்கள். கூட்டலைப் பிறகு ஆய்வு மேசையில் செய்துகொள்ளலாம். சேமிக்க, உலாவிக்குள்ளேயே இருக்கும் இண்டெக்ஸ்டிடிபி தரவுத்தளம் நல்லது. நீட்சிகளின் சாதாரணச் சேமிப்பிடத்துக்கு 10 எம்பி வரம்பு உண்டு.

பார்க்க முடியாதவை: மறைநிலை ஜன்னல் (பயனர் தானே அனுமதி தந்தாலொழிய நீட்சி அங்கே ஓடாது), வேறு உலாவி, போன். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சியே கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் ஆண்ட்ராய்டில் உண்டு, ஆனால் ஆய்வுக்காக ஒருவரை உலாவி மாற்றச் சொன்னால் அவருடைய இயல்பான பயன்பாட்டையே மாற்றியதாகும்.

நிறுவும்போது "எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்கிற எச்சரிக்கை வரும். அதைப் பார்த்து விலகுகிறவர்கள் நியாயமாகவே விலகுகிறார்கள். அந்தத் திரை எப்படி இருக்கும், நீட்சி எதைப் படிக்கும், எதைத் தொடாது என்று முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். குரோமின் நீட்சிக் கடையில் 'பட்டியலிடப்படாத' நீட்சியாக வெளியிட்டு இணைப்பை மட்டும் தரலாம். பரிசீலனைக்கு நாட்கள் ஆகும், அட்டவணையில் இடம் விடுங்கள்.

#4 மதியழகி

நன்றி. சேமித்த நிகழ்வுகளிலிருந்து நேரத்தைக் கணக்கிடுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைக்குமா? 30 நிமிடம் அசைவில்லாவிட்டால் ஓர் அமர்வு முடிந்தது என்று எங்கும் படிக்கிறேன், அது எங்கிருந்து வந்தது?

#5 இணைநோக்கி

இந்த வரிகளைப் பாருங்கள்:

10:02:10 — செய்தித் தளம் ஏறியது, முன்னால் இருக்கிறது
10:03:05 — மின்னஞ்சல் டேப் முன்னால் வந்தது
10:04:30 — உலாவி ஜன்னல் கவனம் இழந்தது
10:19:30 — ஜன்னல் கவனம் பெற்றது, மின்னஞ்சல் டேப்
10:20:00 — செய்தித் தளம் முன்னால் வந்தது
10:21:00 — செயலற்ற நிலை (வரம்பு 60 நொடி)

டேப் மாற்றங்களை மட்டும் வைத்துக் கழித்தால் மின்னஞ்சலுக்கு 10:03:05 முதல் 10:20:00 வரை, அதாவது 16 நிமிடம் 55 நொடி. கவன நிகழ்வுகளையும் சேர்த்தால் 85 நொடியும் 30 நொடியும், மொத்தம் 1 நிமிடம் 55 நொடி. ஒரே ஆள், ஒரே காலை, எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

செய்தித் தளத்துக்கு முதலில் 55 நொடி. இரண்டாம் முறை? செயலற்ற நிலை 10:21:00க்கு அறிவிக்கப்பட்டது என்றால் கடைசி விசையோ எலி அசைவோ 10:20:00க்கு. இடையிலுள்ள 60 நொடி அவர் படித்துக்கொண்டிருந்திருக்கலாம், எழுந்தும் போயிருக்கலாம். லாகால் சொல்ல முடியாது. ஆக மொத்தம் 55 நொடிக்கும் 115 நொடிக்கும் இடையில் என்று இரண்டு எல்லையையும் எழுதுங்கள். நடுவில் ஓர் எண்ணைத் தேர்ந்து அதுதான் உண்மை என்று காட்டாதீர்கள்.

வீடியோவுக்குத் தனி விதி வேண்டும். படம் பார்ப்பவர் எலியைத் தொடமாட்டார், செயலற்றவராகவே பதிவாவார். அந்த டேப்பிலிருந்து ஒலி வருகிறதா என்ற குறியை உலாவி தரும். ஒலியும் இருக்கிறது, ஜன்னலும் முன்னால் இருக்கிறது என்றால் பார்ப்பதாகக் கொள்ளலாம். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர் இதில் தப்பிப்பார், அதையும் குறையாக எழுதிவிடுங்கள்.

30 நிமிடத்தின் வேர் 1995இல் ஜார்ஜியா டெக்கில் நடந்த ஓர் ஆய்வு. எக்ஸ்மொசைக் உலாவியில் நிகழ்வுகளுக்கு இடையிலான சராசரி இடைவெளி 9.3 நிமிடம் என்று கண்டு, அதோடு ஒன்றரை மடங்குத் திட்ட விலக்கம் (எண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) சேர்த்து 25.5 நிமிடத்தை அமர்வின் எல்லையாக வைத்தார்கள். பிறகு அது 30 ஆக முழுமைப்படுத்தப்பட்டு வழக்கமாகிவிட்டது. போனுக்கு அந்த எல்லையைக் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் தரவில் இடைவெளிகளின் பரவலை வரைந்து பார்த்து முடிவெடுங்கள்.

#6 கைப்பிடி

போன் பக்கத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டும் ஐபோனும் இங்கே இரு வேறு உலகம்.

ஆண்ட்ராய்டில் 'பயன்பாட்டு அணுகல்' அனுமதியைப் பங்கேற்பாளர் அமைப்புகளுக்குப் போய்த் தானே இயக்க வேண்டும், சாதாரண அனுமதிப் பெட்டி தோன்றாது. படம்போட்ட வழிகாட்டி அவசியம், ஏனென்றால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பட்டியல் வேறிடத்தில் இருக்கும். கிடைத்துவிட்டால், எந்தச் செயலி எந்த நொடியில் முன்னால் வந்தது, எப்போது போனது, திரை எப்போது அணைந்தது என எல்லாம் வரும். நுண்ணிய நிகழ்வுகளை அமைப்பு சில நாட்களுக்கு மட்டுமே வைத்திருக்கும். அதனால் நாளுக்கு ஒருமுறையாவது எடுத்துவிட வேண்டும், வாரக் கடைசியில் எடுக்கலாம் என்று விடக்கூடாது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. பேட்டரி சேமிப்பு உங்கள் செயலியை இரவில் கொன்றாலும், நிகழ்வுகளை அமைப்பு தனியே எழுதிக்கொண்டிருக்கும். செயலி மறுநாள் எழுந்ததும் பின்னோக்கி எடுத்துக்கொள்ளலாம். நீட்சிக்கு இந்த வசதி இல்லை. அதை அணைத்திருந்தால் அந்த நேரம் போனதுதான்.

ஆண்ட்ராய்டு 10க்குப் பின் திரையைப் பிரித்து வைத்தால் இரண்டு செயலிகளும் ஒரே நேரத்தில் 'இயங்குவதாக' வரலாம். கூட்டினால் ஒரு மணிநேரத்தில் 70 நிமிடம் வரும். அப்படி வந்தால் நிரலில் பிழை என்று பதற வேண்டாம், மேற்படிந்த பகுதியைத் தனி வகையாகப் பிரியுங்கள்.

ஐபோனில் ஆய்வாளர் செயலிக்கு இந்த நிகழ்வுகளை வெளியே எடுக்க வழியில்லை. நடைமுறையில் நிற்பது ஒன்றுதான்: திரைநேரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொல்வது. இதில் கவனிக்க வேண்டியவை:

இன்றைய நாளை எடுக்கச் சொல்லாதீர்கள், அது முடியாத நாள். நேற்றைக்கோ முடிந்த வாரத்துக்கோ தள்ளிப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். 'சாதனங்களுக்கிடையே பகிர்' இயங்கினால் ஐபேடின் நேரமும் அதே எண்ணில் கலந்துவிடும், எந்தச் சாதனத்தைத் தேர்ந்திருக்கிறார் என்பது படத்தில் தெரிய வேண்டும். செயலிப் பட்டியல் முதலில் சுருக்கமாக இருக்கும், 'மேலும்' என்பதை அழுத்தி விரித்த பிறகே எடுக்க வேண்டும். எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் நிரல்) வைத்துப் படித்தால் 1 என்ற இலக்கத்தை எழுத்தாக எடுத்துக்கொள்ளும் தவறு அடிக்கடி நேரும். செயலி நேரங்களின் கூட்டுத்தொகை மொத்தத்தைத் தாண்டினால் அந்தப் படத்தைக் கண்ணால் பாருங்கள்.

கிடைப்பது நாள் மொத்தம்தான், நொடிக்கணக்கு கிடைக்காது. உங்கள் இரண்டாம் கேள்வியான 'எந்தப் பொழுதில்' என்பதற்கு ஐபோன்காரர்களிடமிருந்து ஆண்ட்ராய்டு அளவுக்கு நுணுக்கமான விடை வராது. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

#7 நெய்தல்

வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் கேள்விகளை (தளப்பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கருவி கேட்பது) பதிந்தால் எல்லாக் கருவியும் ஒரேயடியாக அகப்படுமே? ஏன் இவ்வளவு சிரமம்?

#8 பதிவேடு

அகப்படுவது கருவிகளின் பேச்சு, மனிதர்களின் பயன்பாடு அல்ல. போன் மேசையில் கிடக்கும்போதும் செயலிகள் பின்னணியில் பெயர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மறுபுறம், ஒருமுறை கேட்ட பெயர் தற்காலிக நினைவில் இருப்பதால், அடுத்த பத்து முறை திறந்தாலும் கேள்வி போகாமலிருக்கலாம். பக்கங்களைப் பரிமாறும் ஒரே விநியோக சர்வர் வலையமைப்புக்குப் பின்னால் பல தளங்கள் நிற்கும். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பும், உலாவிகளின் மறையாக்கிய டிஎன்எஸ்ஸும் ரவுட்டரைத் தாண்டிப் போய்விடும். வாசலைத் தாண்டி மொபைல் டேட்டாவுக்கு மாறினால் எதுவும் இல்லை. விருந்தாளியின் போன் மட்டும் சேர்ந்துகொள்ளும், அதுவும் அவர் ஒப்புதல் இல்லாமல்.

எந்தக் கருவி எந்த நேரம் வலையில் இருந்தது என்பதற்கு ரவுட்டர் பயன்படும். அதற்கு மேல் அதை நம்பி எழுதக்கூடாது.

#9 கொடையாளி

தரவுக் கொடை என்ற வழியை யாரும் இன்னும் சொல்லவில்லை. தளங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பதிவைப் பங்கேற்பாளரே இறக்கித் தருவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு தன் தரவின் படியைக் கேட்கும் உரிமையையும், 20ஆம் பிரிவு கணினி படிக்கும் வடிவில் பெறும் உரிமையையும் தருகிறது. பதிலளிக்க ஒரு மாதம் அவகாசம், சிக்கலான கோரிக்கையென்றால் நீட்டிக்கலாம். பெரிய தளங்கள் அதே பதிவிறக்க வசதியை மற்ற நாட்டினருக்கும் திறந்து வைத்திருக்கின்றன.

பெரிய பலம், ஆய்வு தொடங்குவதற்கு முந்தைய மாதங்களும் கிடைக்கும் என்பது. கவனிக்கப்படுகிறோம் என்ற நினைப்பு அந்த மாதங்களில் கிடையாது.

நடைமுறைக் குறிப்புகள்: கூகுள் டேக்அவுட்டில் செயல்பாட்டு வரலாறு இயல்பாக எச்டிஎம்எல்லாக வரும், நிரல் படிக்க எளிதான ஜேசான் வடிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். எல்லாச் சேவையையும் தேர்ந்தால் படங்களும் மின்னஞ்சலும் சேர்ந்து கோப்பு பல துண்டாக உடையும். முதலில் எல்லாவற்றின் தேர்வையும் எடுத்துவிட்டு, பிறகு தேவையான ஒன்றை மட்டும் தேர்வு. தயாரான இணைப்பு சில நாளில் காலாவதியாகும், இரண்டாம் நாளே நினைவூட்டுங்கள். கணக்கின் மொழிக்கேற்பக் கோப்புப் பெயரும் உள்ளிருக்கும் தலைப்பும் மாறலாம். ஆங்கிலக் கணக்கை மட்டும் வைத்து எழுதிய நிரல் மற்ற மொழிக் கணக்குகளை "தரவு இல்லை" என்று தள்ளிவிடும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஜேசான் கோப்புகளில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்றோ அதற்கு மேலோ புரியாத குறிகளாகத் தெரியும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். அந்த பைட்டுகளை லத்தீன்-1 என்ற பழைய குறியாக்கத்தின் எழுத்துகளாகத் தனித்தனியே எழுதிவிடுகிறார்கள். கோப்பு கெட்டுவிட்டது என்று தள்ளாதீர்கள். சரத்தை லத்தீன்-1ஆகப் பைட்டாக்கி, யுடிஎஃப்-8ஆகத் திரும்பப் படித்தால் எழுத்து முழுமையாக வந்துவிடும்.

முழுக் கோப்பையும் உங்கள் சர்வருக்கு வாங்கவே வாங்காதீர்கள். பங்கேற்பாளரின் உலாவிக்குள்ளேயே கோப்பைப் பிரித்து, தேவையான வரிகளை மட்டும் அட்டவணையாகக் காட்டி, வேண்டாத வரியை அவரே நீக்கிய பிறகு அனுப்பச் செய்யுங்கள். இதற்கான திறந்தமூல நிரல்கள் இருக்கின்றன. எத்தனை வரி நீக்கப்பட்டது என்ற எண்ணிக்கை மட்டும் உங்களுக்கு வரட்டும்.

ஒரு குறை: வரலாற்றை நிறுத்தி வைத்திருந்த காலம் கோப்பில் வெறுமையாக இருக்கும். யூடியூப் வரலாற்றில் தானாக ஓடிய வீடியோவும் விரும்பித் திறந்ததும் ஒரே மாதிரி நிற்கும்.

#10 மதியழகி

'எதற்காக' என்ற கேள்வி இன்னும் அந்தரத்தில் நிற்கிறது.

#11 மணிச்சிட்டு

அதற்கு நாளின் நடுவே சின்னச் சின்னக் கேள்வி அனுப்பும் முறைதான் வழி. இரவில் உட்கார்ந்து எழுதும் நாட்குறிப்பில் காரணங்களெல்லாம் ஒழுங்குபடுத்தப்பட்டு வந்துவிடும். "சும்மா எடுத்தேன்" என்பது அதில் அனேகமாக இருக்காது.

நாளுக்கு 5 அழைப்பு என்றால் 60 பேருக்கு 14 நாளில் 4,200 அழைப்பு. விழித்திருக்கும் நேரத்தை 5 கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்குள்ளும் தற்செயலான ஒரு நிமிடத்தில் அனுப்புங்கள். குறித்த மணிக்கு அனுப்பினால் மக்கள் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்கள். மூன்று கேள்வி, ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்: கடைசியாக எதைத் திறந்தீர்கள், எதற்காகத் திறந்தீர்கள், அந்த வேலை முடிந்ததா. காரணத்துக்குத் தயார்ப் பட்டியல் தந்தாலும் கடைசியில் எழுதும் பெட்டி ஒன்று இருக்கட்டும். 15 நிமிடத்தில் அழைப்பு காலாவதியாக வேண்டும், இல்லாவிட்டால் இரவு மொத்தமாக ஐந்தையும் நிரப்புவார்கள்.

கேள்வியின் சொல்லில் கவனம். "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்றால் விடை "உங்கள் அறிவிப்பைத் திறந்தேன்" என்பதுதான். "இந்த அறிவிப்பு வருவதற்கு முன் கடைசியாக" என்று கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் அழைப்பே போனை எடுக்க வைக்கிறது. அழைப்புக்குப் பதில் சொல்லிவிட்டு அப்படியே வேறு செயலிக்குப் போவார்கள். லாகில் அது இயல்பான எடுப்பாகத் தெரியும். நாளுக்கு ஐந்து எடுப்பை நீங்களே உண்டாக்கிவிட்டு அதை எண்ணக்கூடாது. அழைப்பிலிருந்து தொடங்கிய ஒவ்வோர் எடுப்பையும் லாகில் குறியிட்டுத் தனியே வையுங்கள்.

நான்கு நேரமுத்திரை கட்டாயம்: அனுப்பியது, போனுக்குப் போய்ச் சேர்ந்தது, திறந்தது, பதில் முடித்தது. போய்ச் சேராததற்கும் கண்டும் விட்டதற்கும் வேறுபாடு தெரியாவிட்டால், பதில் விகிதம் என்ற எண்ணுக்கே பொருளில்லை. ஆண்ட்ராய்டு 6 முதல் உள்ள டோஸ் என்ற பேட்டரி சேமிப்பு நிலை அறிவிப்பைத் தள்ளிப்போடும். காலாவதியான பிறகு வந்து சேர்ந்த அழைப்பைப் பங்கேற்பாளரின் கணக்கில் எழுதாதீர்கள்.

பகுப்பாய்வில் 4,200ஐச் சுயேச்சையான பதில்களாக எடுக்கக்கூடாது. அவை 60 பேருக்குள் அடங்கியவை. ஒருவரின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்கும் பல்மட்ட மாதிரி வேண்டும்.

#12 நெய்தல்

திரையையே சில நொடிக்கு ஒருமுறை படம் எடுக்கும் முறை இருக்கிறதே. ஸ்டான்ஃபோர்டில் 5 நொடிக்கு ஒரு படம் என்று செய்தார்கள். எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

#13 கொடையாளி

தெரியும், தேவைக்கு மேலும் தெரியும். நாளுக்கு 4 மணிநேரம் திரை இயங்கினால் ஒருவருக்கு 2,880 படம். 60 பேருக்கு 14 நாளில் 24,19,200. ஒவ்வொன்றிலும் எதிர்முனையில் பேசியவரின் செய்தியும் முகமும் இருக்கலாம், அவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை. செயலியின் பெயரே போதுமான ஆய்வுக்கு இது மிகை.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் 2006ஐ மறக்கக்கூடாது. ஏஓஎல் நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் மூன்று மாதத் தேடல்களை, ஏறத்தாழ 2 கோடி தேடல்கள், பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. தேடிய சொற்களை மட்டும் வைத்தே பத்திரிகையாளர்கள் ஒருவரை வீடு வரை போய்க் கண்டுபிடித்துவிட்டார்கள். தேடிய சொல்லும் முழு இணைய முகவரியும் ஆளைக் காட்டும் அடையாளமே. அதனால் இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியைக் கருவியிலேயே வெட்டுங்கள், தளப்பெயரை வகையாக மாற்றுவதையும் முடிந்தவரை கருவியிலேயே செய்யுங்கள். ஒருவரோ இருவரோ மட்டும் போன தளங்களை 'பிற' என்று தள்ளுங்கள்.

இடைநிறுத்தப் பொத்தான் கண்ணெதிரே இருக்க வேண்டும். அழுத்தியதற்குக் காரணம் கேட்கக்கூடாது. ஆனால் எப்போது நிறுத்தினார், எப்போது தொடர்ந்தார் என்பது பதிவாக வேண்டும்.

#14 எட்டுப்பேர்

பதிவுகளில் புரியாத இடம் வரும்போது திரைப்பகிர்வில் சிலரோடு உட்கார்வது உதவும். அதைப் பற்றிச் சுருக்கமாக.

தளச் சோதனையில் சொல்லும் "5 பேர் போதும்" என்ற விதியை இங்கே கொண்டுவராதீர்கள். அந்தக் கணக்கு 1−(1−p)ⁿ; p என்பது ஒரு சிக்கலை ஒருவர் சந்திக்கும் வாய்ப்பு, n என்பது ஆட்களின் எண்ணிக்கை. அந்த வாய்ப்பு 31 விழுக்காடு என்று வைத்தால் 5 பேரில் 84 விழுக்காடு சிக்கல்கள் வெளிப்படும். வாய்ப்பு 10 விழுக்காடு என்றால் 41 மட்டுமே; 90ஐத் தொட 22 பேர் வேண்டும். அதுவும் ஒரு தளத்தின் குறைகளைத் தேடும் கணக்கு. மக்கள் எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு அது பதில் அல்ல.

எண்களையும் அளவோடு சொல்லுங்கள். 8 பேரில் 7 பேர் முடித்தார்கள் என்றால் 87.5 விழுக்காடு என்று எழுதத் தோன்றும். வெற்றியில் 2, மொத்தத்தில் 4 கூட்டிக் கணக்கிட்டால் 95 விழுக்காட்டு இடைவெளி (உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லை) சுமார் 50 முதல் 99 வரை விரிகிறது.

அமர்வில்: முழுத் திரையைப் பகிரச் சொல்லாமல் ஒரு ஜன்னலை மட்டும் பகிரச் சொல்லுங்கள். போன் என்றால் அதற்கு முன் 'தொந்தரவு செய்யாதே' இயக்கட்டும், இல்லாவிட்டால் வேறொருவர் அனுப்பிய செய்தி உங்கள் பதிவில் ஏறும். முதல் 10 நிமிடம் இணைப்புக்கே போகும், ஒரு மணிநேர அமர்வில் 45 நிமிட வேலை வையுங்கள். குரல் தாமதமாக வருவதால் அவர் யோசிக்கும் மௌனத்தில் நீங்கள் புகுந்து கெடுத்துவிடுவீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுப் பேசுங்கள். லாகில் புதிராக இருந்த அவருடைய ஒரு நாளையே திரையில் காட்டி, "இந்த இடத்தில் என்ன நடந்தது?" என்று கேட்பது பொதுக் கேள்வி பத்துக்குச் சமம்.

வெப்கேம் மூலம் கண்ணசைவு பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிழை சுமார் 4 பாகை. 60 செ.மீ. தூரத்தில் அது திரையில் 4 செ.மீ.க்கு மேல். திரையின் எந்தப் பக்கம் என்று சொல்லலாம், எந்த வரி என்று சொல்ல முடியாது.

#15 மதியழகி

திட்டத்தை மாற்றிவிட்டேன். தொடக்கத்தில் கருவிகள் பற்றிய கேள்வித்தாள், மடிக்கணினியில் நீட்சி, ஆண்ட்ராய்டில் பதிவுச் செயலி, ஐபோனுக்கு நாள்தோறும் முந்தைய நாளின் படம், எல்லோருக்கும் நாளுக்கு 5 அழைப்பு, முடிவில் 12 பேரோடு லாகைக் காட்டிப் பேச்சு. முதல் இரண்டு நாளைத் தள்ளிவிட்டு மீதியை எடுக்கலாமா? கவனிக்கப்படும் உணர்வு அதற்குள் அடங்கிவிடும் என்கிறார்கள்.

#16 பதிவேடு

தானாகத் தள்ளாதீர்கள். முதல் இரண்டு நாளையும் பின்னாட்களையும் வரைந்து ஒப்பிடுங்கள். ஆய்வு வாரக் கடைசியில் தொடங்கியிருந்தால் வேறுபாடு கிழமையால் வந்ததாகவும் இருக்கலாம். ஆட்களை வெவ்வேறு கிழமையில் தொடங்கவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியும். இடைநிறுத்தப் பொத்தான் எந்த நாளில் அதிகம் அழுத்தப்பட்டது என்பது அந்த உணர்வுக்கு இன்னும் நேரான சான்று.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நீங்கள் பெறப்போகும் தரவில் பாதிக்கு மேல் வெறுமைதான். மணிக்கு ஒரு கட்டம் என்றால் 60 பேர், 14 நாள், 24 மணி — ஒரு கருவிக்கே 20,160 கட்டம். பெரும்பாலான கட்டத்தில் எதுவும் இருக்காது. அந்த வெறுமை 'பயன்படுத்தவில்லை' என்பதா, 'பதியவில்லை' என்பதா? இரண்டையும் பூஜ்ஜியமாக எழுதிச் சராசரி எடுத்த ஆய்வை நான் நம்பமாட்டேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கில் ஒரு நிலை கொடுங்கள்: பயன்பாடு உண்டு; கருவி விழித்திருந்தது, ஆனால் பயன்பாடு இல்லை; பங்கேற்பாளர் நிறுத்தினார்; கருவி மௌனம். இரண்டாவது மட்டுமே பூஜ்ஜியம். கடைசி இரண்டும் விடுபட்டவை. மூன்றாவது தற்செயலாக விடுபட்டதும் அல்ல. எதையோ மறைக்க விரும்பிய நேரம் அது, அதைச் சராசரியால் நிரப்பக்கூடாது.

#17 இணைநோக்கி

அந்த நான்கையும் பிரிக்க நீட்சியில் செய்ய வேண்டியது: 5 நிமிடத்துக்கு ஒரு உயிர்க்குறி ('இன்னும் ஓடுகிறேன்' என்று நீட்சி எழுதும் வரி), வரிசை எண்ணோடு. அலாரம் வசதியில் வையுங்கள், டைமர் நிரலோடு செத்துவிடும். உலாவி தொடங்கும் நிகழ்வைத் தனியே பதியுங்கள். உயிர்க்குறி நின்று, பிறகு உலாவி தொடங்கிய பதிவோடு மீண்டால் உலாவி மூடியிருந்தது எனலாம். தொடங்கிய பதிவே இல்லாமல் மீண்டால் மடிக்கணினி தூங்கியது, அல்லது நீட்சியை அணைத்து மீண்டும் போட்டார். இந்த இரண்டையும் லாக் பிரிக்காது. அப்படி 6 மணிநேரத்துக்கு மேல் பகலில் இடைவெளி வந்தால் மறுநாள் ஒரு வரிக் கேள்வி அனுப்பிக் கேளுங்கள். நீட்சி நீக்கப்பட்டால் திறக்கும் பக்கம் ஒன்றையும் அமைத்துவிடுங்கள், விலகியவர் யார் என்பது அன்றே தெரியும்.

#18 கைப்பிடி

ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைக்கு 15 நிமிடமே குறைந்தபட்ச இடைவெளி, டோஸ் அதையும் தள்ளும். அங்கே உயிர்க்குறியை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். பின்னோக்கி எடுக்கும் நிகழ்வுப் பட்டியலிலேயே, ஆண்ட்ராய்டு 10 முதல், போன் அணைந்ததும் தொடங்கியதும் வரும்; அதை வைத்துக் கட்டங்களை நிரப்புங்கள். அனுமதி பறிக்கப்பட்ட நேரத்தைச் செயலியே சோதித்துப் பதிய வேண்டும். அனுமதி இல்லாதபோது அமைப்பு பிழை எதுவும் சொல்லாமல் வெற்றுப் பட்டியல் தரும். அது அப்படியே பூஜ்ஜியம் போலத் தெரியும்.

#19 மணிச்சிட்டு

நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதி, கருவியின் நேர வலய வித்தியாசத்தைப் பக்கத்து நெடுவரிசையில் வையுங்கள். உள்ளூர் நேரத்தை மட்டும் வைத்தால், பயணம் போனவரின் லாகும் அழைப்பும் பொருந்தாது. கருவிக் கடிகாரம் தவறாக இருப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு பதிவேற்றத்திலும் கருவி சொல்லும் நேரத்தோடு சர்வருக்கு வந்த நேரத்தையும் சேமித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

60 பேரையும் சேர்ப்பதற்கு முன் 5 பேர், 3 நாள், வெவ்வேறு தயாரிப்பாளரின் போன். அவர்களில் ஒருவரிடம் வேண்டுமென்றே நீட்சியை அணைக்கச் சொல்லுங்கள், ஒருவரிடம் அனுமதியைப் பறிக்கச் சொல்லுங்கள், ஒருவரிடம் போனை அரை நாள் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். என்ன செய்தார்கள் என்பது தெரியாத ஒருவர் கட்டங்களைப் பார்த்து மூன்றையும் சரியாகப் பிரித்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லும் வரை சேர்க்கையைத் திறக்க வேண்டாம்.